ஓர் இலக்கத்தின் பாரம்

1. வினா

தரையை விட்டு எழும் தறுவாயில் ஒரு விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசிப் போவதென்பது, உள்ளே அமர்ந்திருக்கும் பிரயாணிகள் பலர் பின்புறத்திலிருந்து வந்த ஓர் ஓசையாகவோ சிறு அதிர்வாகவோ மட்டும் உணர்ந்து, உணவுத் தட்டு வருவதற்குள் மறந்துவிடக்கூடிய சம்பவமாகவே பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. பத்திரிகைகளிலும் அது உள்பக்கத்துச் செய்திதான். விமானம் திரும்பி வந்து பத்திரமாக இறங்கியது, எவருக்கும் காயமில்லை, விசாரணை நடைபெறுகிறது என்ற மூன்று வாக்கியங்களோடு அது ஓய்ந்துவிடும். அந்த விசாரணை என்ன கண்டது என்று பின்னொரு நாள் தேடிப் படிப்பவர் வெகு சிலரே. அவ்விதம் படிப்பவர், வெவ்வேறு தேசங்களில், வெவ்வேறு கம்பெனிகளின் விமானங்களில், ஒன்றையொன்று அறியாத விமானிகளால் நிகழ்ந்த சம்பவங்கள் சிலவற்றின் அடியில் ஒரே விதமான பிழை கிடப்பதைக் கண்டு வியப்படைவர்: விமானத்தின் எடை ஏறத்தாழ நூறு டன் குறைத்துக் கணக்கிடப்பட்டிருந்தது.

நூறு டன் என்பது நெடுஞ்சாலையில் செல்லும் சரக்கு லாரிகள் பலவற்றின் கூட்டு எடை. அவ்வளவு பெரிய பொருள், அனுபவம் முதிர்ந்த இரண்டு மூன்று பேரின் கண்ணெதிரே எவ்விதம் காணாமற்போக இயலும்? அதை மனிதத் தவறு என்று சொல்லி முடித்துவிடுவது போதிய விளக்கமாகுமா? இவ்விரு வினாக்களையுமே இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது.

2. வால் உரசும் விதம்

விமானம் ஓடுபாதையில் ஓடும்போது மூன்று வேகங்கள் விமானிகளின் முன்னே குறிக்கப்பட்டிருக்கும். வி-ஒன் என்பது, அதற்குமேல் புறப்பாட்டைக் கைவிடலாகாது என்ற எல்லை. வி-ஆர் என்பது மூக்கைத் தூக்கத் தொடங்கவேண்டிய வேகம். வி-டூ என்பது ஒரு யந்திரம் செயலிழந்தாலும் பத்திரமாக ஏறுவதற்கு வேண்டிய வேகம். இறக்கை தரும் தூக்குவிசை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், எடை மிக மிக இந்த வேகங்களும் உயர்ந்தாக வேண்டும். உரிய வேகம் வருமுன் மூக்கைத் தூக்கினால், விமானம் மேலே எழாது. பின் சக்கரங்களை அச்சாகக் கொண்டு மூக்கு மட்டும் உயர, வால் தாழும். எழவில்லையே என்று விமானி கட்டுப்பாட்டுத் தண்டை இன்னும் இழுப்பது இயல்பு. இழுக்க இழுக்க வால் தரையை நெருங்கும்.

எத்தனை பாகை சாய்ந்தால் வால் தரையைத் தொடும் என்பது உடலின் நீளத்தைப் பொறுத்தது. போயிங் 737-700 ரகத்தில், சக்கரங்கள் தரையிலிருக்கும்போது, அது 14.7 பாகை, அதையே நீட்டிச் செய்த 737-800 ரகத்தில் 11 பாகை, இன்னும் நீண்ட 737-900 ரகத்தில் 10 பாகை. கூடுதலாகச் சில வரிசை ஆசனங்களைச் சேர்க்க ஆசைப்பட்ட வியாபாரம், விமானிக்கு இருந்த இடைவெளியிலிருந்து நாலைந்து பாகையைக் கிரயமாக எடுத்துக்கொண்டது என்று சொன்னால் அது மிகையாகாது. 2023-ஆம் ஆண்டின் முற்பாதியில் இந்திய விமானக் கம்பெனியான இண்டிகோவின் ஏ321 விமானங்களில் நான்கு வால் உரசல்கள் நேர்ந்ததையொட்டி, சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தபோது, பேச்சுக்கு இலக்கான ரகமும் ஏ320 வரிசையில் மிக நீண்டதே என்பதை நினைவுகூரலாம்.

வால் உரசலுக்கு எடைப் பிழை ஒன்றே காரணமென்று நான் சொல்ல வரவில்லை. மூக்கை அவசரமாகத் தூக்குவது, கிடைவாலின் கோணம் பிழையாக வைக்கப்பட்டிருப்பது, குறுக்குக் காற்று ஆகியவையும் காரணமாகும். 2018 அக்டோபர் 12 பின்னிரவில் திருச்சியிலிருந்து துபாய்க்குப் புறப்பட்ட ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-800, 136 பேரைச் சுமந்தபடி நிலையத்தின் ஆண்டெனாவையும் சுற்றுச்சுவரையும் இடித்துவிட்டு, வயிற்றில் கிழிசலோடு மும்பையில் போய் இறங்கியதை நம்மவர் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே இலக்கம் எதுவும் பிழைபடவில்லை. தலைமை விமானியின் ஆசனச் சாய்வு திடீரென்று பின்னால் சரிய, உந்துவிசைப் பிடி அவரறியாமலே பின்னிழுக்கப்பட்டதென்பது விசாரணையின் முடிவு. முதற்பார்வைக்கு ஒத்திருந்தும் காரணத்தில் முற்றிலும் வேறான இத்தகைய சம்பவங்களை ஒதுக்கிவிட்டு, எடைப் பிழையை மாத்திரம் மேலே தொடர்வோம்.

3. மூன்று சம்பவங்கள்

2003 மார்ச் 12 பிற்பகலில், நியூசிலாந்தின் ஆக்லந்து நிலையத்திலிருந்து சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் போயிங் 747-400 புறப்பட்டது. அதன் எடை 347.4 டன், வேகங்களைக் கணக்கிட எடுத்துக்கொள்ளப்பட்டதோ 247.4 டன். 163 நாட் வேகத்தில் தூக்கப்பட வேண்டிய மூக்கு 130 நாட் வேகத்திலேயே தூக்கப்பட்டதால், வால் ஓடுபாதையில் தட்டி, விமானம் மேலெழும் வரை ஏறக்குறைய 490 மீட்டர் தூரம் தேய்த்துக்கொண்டே சென்றது. வாலினுள் இருக்கும் துணை யந்திரத்தில் நெருப்பென்ற எச்சரிக்கை எழ, விமானம் திரும்பிவந்து இறங்கியது. உயிர்ச்சேதம் இல்லை.

மறு ஆண்டு அக்டோபர் 14 அன்று விடியுமுன், கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நிலையத்தில் எம்கே ஏர்லைன்ஸின் சரக்கு விமானம் ஒன்றுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. அதற்கு முந்திய நிலையமான அமெரிக்காவின் பிராட்லியில் புறப்பட்டபோது உபயோகித்த 240 டன் என்ற எடை, கணக்கிடும் மடிக்கணினியில் அப்படியே தங்கிவிட்டது; ஹாலிஃபாக்ஸில் சரக்கும் எரிபொருளும் ஏற்றிய பின் உண்மை எடை ஏறத்தாழ 353 டன். வால் ஓடுபாதையில் உரசியது, ஓடுபாதை முடிந்தது, அதற்கு அப்பால் ஆண்டெனாவைத் தாங்குவதற்காக எழுப்பியிருந்த மண்மேட்டில் விமானத்தின் பின்பகுதி மோதிப் பிரிந்தது. இருந்த எழுவரும் மாண்டனர்.

மூன்றாவது சம்பவம் 2009 மார்ச் 20 இரவு, ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் நேர்ந்தது. எமிரேட்ஸின் ஏர்பஸ் ஏ340-500 துபாய்க்குப் புறப்படவிருந்தது. அதில் 275 பேர். கணக்கில் கொள்ள வேண்டிய எடை 362.9 டன். வேகங்களைக் கணக்கிடும் மின்னணுக் கையேட்டில் பதியப்பட்டது 262.9 டன். ஆகவே மூக்கைத் தூக்கும் வேகம் 161 நாட் என்று வரவேண்டிய இடத்தில் 145 என்று வந்தது. தலைமை விமானி சொல்லக் கேட்டுத் துணை விமானி தண்டை இழுத்தார். மூக்கு எழுந்தது, விமானம் எழவில்லை. மறுபடியும் சொன்னார்; இன்னும் இழுத்தார்; வால் தரையில் மோதியது. 3,657 மீட்டர் நீளமுள்ள ஓடுபாதையின் கடைசிக் கோடு கண்ணுக்கு முன்னே விரைந்து வர, தலைமை விமானி யந்திரங்களின் முழு விசையையும் கோரினார். அதன்பின் விமானம் எழுந்தது என்றாலும், பாதைக்கு அப்பாலிருந்த விளக்கொன்றையும் ஆண்டெனாவையும் இடித்துக்கொண்டுதான் எழுந்தது. போர்ட் ஃபிலிப் விரிகுடாவின் மேல் எரிபொருளைக் கொட்டிவிட்டு, ஒரு மணி நேரத்துக்குப் பின் அதே நிலையத்தில் இறங்கியது. துபாய்க்குத் திரும்பியதும் விமானிகள் இருவரும் பதவியை விட்டு விலகினர்.

4. வழங்கிவரும் விளக்கங்கள்

இச்சம்பவங்களுக்குப் பொதுமக்களிடையே வழங்கிவரும் விளக்கம் அசிரத்தை என்பது. மூன்று என்று அடிக்கவேண்டிய விசையில் இரண்டென்று அடித்தவர் சாவதானமாக இருந்திருந்தால் இது நேர்ந்திராது என்ற கூற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் இக்கூற்று விளக்க வேண்டியதை விளக்காமல் மறுமுறை சொல்வதோடு நின்றுவிடுகிறது. இலக்கம் பிழைபடுவது மனித சுபாவம் என்பதை அறிந்துதானே ஒருவர் எழுதியதை மற்றொருவர் சரிபார்க்க வேண்டுமென்ற முறைகள் ஏற்பட்டன? ஆகவே கேட்கத்தக்க வினா, பிழை ஏன் பிறந்தது என்பதன்று. பிறந்த பிழை அத்தனை வாயில்களையும் தடையின்றி எவ்விதம் கடந்தது என்பதே.

இரண்டாவது விளக்கம் அயர்ச்சியும் இருளும். ஹாலிஃபாக்ஸ் விமானிகள் நெடுநேரம் பணியிலிருந்தவர்கள் என்பது உண்மை, மெல்போர்னிலும் இரவு. ஆனால் ஆக்லந்தில் நேர்ந்தது பட்டப்பகலில் என்பதால், இருளை அடிப்படைக் காரணமாக ஏற்பதற்கில்லை. அது பிழையை உணரும் வாய்ப்பைக் குறைத்திருக்கலாம். பிழையைக் காத்து வைத்தது வேறொன்று.

அந்த வேறொன்றை நோக்கி நகரும் மூன்றாவது வகை ஆராய்ச்சி கடந்த இருபதாண்டுகளில் வளர்ந்திருக்கிறது. பிரான்சின் விபத்து விசாரணை அலுவலகத்துக்காகப் பாரிஸ் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மானுடவியல் ஆய்வுக்கூடம் ஒன்று 2008-இல் பிழையான புறப்பாட்டு அளவுகளைப் பற்றி ஆராய்ந்தது. மெல்போர்ன் சம்பவத்தையொட்டி ஆஸ்திரேலியப் போக்குவரத்துப் பாதுகாப்பு அலுவலகம் செய்த மற்றோர் ஆய்வு, 1989-க்கும் 2009-க்கும் இடையே அயல்நாடுகளில் நேர்ந்த 20 சம்பவங்களையும் அந்நாட்டுச் சம்பவங்கள் 11-ஐயும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஒரே கம்பெனிக்கோ ஒரே ரக விமானத்துக்கோ ஒரே கணிப்பு முறைக்கோ உரியதன்று இந்தப் பிழை என்பது இவ்வாராய்ச்சிகளால் தெளிவாயிற்று. காகித அட்டவணை வைத்திருந்தவர்களும் பிழைத்தார்கள். கணினி வைத்திருந்தவர்களும் பிழைத்தார்கள்.

5. அளவையின் குறை

நம் தர்க்க நூலார் அறிவு பிறக்கும் வாயில்களை அளவை என்ற சொல்லால் குறித்து, காண்டல், கருதல், உரை என்று அதை மூன்றாக வகுத்தனர். பொருளின் அளவைக் காட்டும் கருவிக்கும் உண்மையை அறியும் வாயிலுக்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருப்பது இந்த விஷயத்துக்கு மிகவும் பொருந்துகிறது. ஏனெனில், விமானத்தின் எடை என்பது விமானிக்குக் காண்டலால் தெரிவதன்று. பெரும்பாலும் உரையால் மட்டுமே தெரிவது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். நம்மூர்ச் சாலையோரத்தில் லாரி எடை மேடை என்ற பலகையைக் காணலாம். நெல் மூட்டை ஏற்றிய லாரி அதன்மேல் ஏறி நின்று தன் உண்மை எடையைக் காட்டிவிட்டுப் போகும். கண்டங்களைக் கடந்து செல்லும் விமானமோ பெரும்பாலும் அவ்விதம் நிறுக்கப்படுவதில்லை. காலியான உடலைக் கொட்டகையில் வைத்து எப்போதோ நிறுத்திருப்பார்கள். அதனோடு ஆளுக்கு இவ்வளவு என்று நிர்ணயித்த சராசரி, மூட்டைகள், சரக்கு, எரிபொருள் எல்லாவற்றையும் கூட்டி ஒரு லோட்ஷீட் தயாராகும். அது கூட்டல் கணக்கின் விடை. தராசின் முள் அன்று. அந்த விடை ஒரு காகிதத்திலிருந்து மற்றொன்றுக்கும், ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கும், ஒருவர் வாயிலிருந்து மற்றவர் காதுக்கும் போகிறது. சரிபார்த்தல் என்று பெயர் பெற்ற செயல்களில் பல, ஒரு பிரதியை இன்னொரு பிரதியோடு ஒப்பிடுவதே. மூலம் பிழையானால் பிரதிகள் எத்தனை ஒத்திருந்தென்ன? உரையை உரையாலேயே நிறுவும் இந்த முறையைத் தர்க்க நூலார் பார்த்திருந்தால் நகைத்திருப்பார்கள்.

மெல்போர்னில் இந்த நிலை இன்னும் விசித்திரமானது. விமானிகளின் அறையில் மெய்யான எடையும் இருந்தது. விமானத்தைச் செலுத்தும் கணினியில் எடை பிழையின்றிப் பதிந்திருந்தது. வேகங்களைக் கணக்கிட்ட மின்னணுக் கையேட்டில் 262.9. இரண்டும் ஓரடி ஈரடி இடைவெளியில், ஒன்றையொன்று பாராமல் இருந்தன. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கச் செய்யும் சோதனைகள் விதியில் இல்லாமலில்லை. புறப்படுமுன் அந்த அறையில் வந்துபோகும் ஆட்களுக்கும் பேச்சுகளுக்கும் இடையே அவை முறையாக நிறைவேறாமற்போயின.

இனிக் கருதல் என்ற வாயில். 145 நாட் என்ற வேகத்தைக் கண்டதும், இவ்வளவு கனமான விமானத்துக்கு இது குறைவாயிற்றே என்று ஒரு பழகிய மனம் திடுக்கிட்டிருக்க வேண்டாமா? வண்டியோட்டுகிறவன் பாரத்தை மாட்டின் நடையில் அறிவான். தோணிக்காரன் நீர் மட்டத்தில் அறிவான். ஆஸ்திரேலிய விசாரணை இங்கேதான் மிக நுட்பமான ஒன்றைச் சுட்டுகிறது. அவ்விமானிகள் ஒன்றுக்கு மேற்பட்ட ரகங்களை மாறி மாறி ஓட்டியவர்கள். ஒரு நாள் புறப்படும் எடைக்கும் மறுநாள் எடைக்கும் நூறு டன்னுக்கு மேலும் வித்தியாசம் வருவது அவர்களுக்குச் சகஜம். 262.9 என்பது எங்கும் காணாத எண் அன்று. நேற்றோ முந்தாநாளோ மெய்யாகவே இருந்திருக்கக்கூடிய எண். ஆகவே அவர்கள் மனத்தில் இது சரி, இது தவறு என்று தட்டிச் சொல்லும் உத்தேசக் கணக்கு உருவாக இடமே இல்லாமற்போயிற்று. அனுபவம் மிகுந்ததால் கூர்மை மழுங்கிய நிலை இது.

இன்னொரு விந்தையையும் இங்கே சொல்லாமல் இருக்க முடியவில்லை. யந்திரங்கள் தேயாதிருப்பதற்காக, பாதை நீண்டதாகவும் எடை குறைவாகவும் இருக்கும் நாட்களில் முழு விசையைப் பிரயோகிப்பதில்லை. வெளிக்காற்று உண்மையிலிருப்பதைவிட மிகவும் வெப்பமாயிருக்கிறதென்று கணினிக்கு ஒரு பொய் சொல்வார்கள். அந்த வெப்பத்தில் யந்திரம் எவ்வளவு விசை தருமோ அவ்வளவே அது தரும். மெல்போர்னில் சொல்ல வேண்டிய பொய் 43 டிகிரி. சொல்லப்பட்டது 74 டிகிரி. பூமியில் அங்கீகாரத்தோடு பதிவான உச்ச வெப்பமே, 1913-இல் அமெரிக்காவின் டெத் வேலியில் கண்ட 56.7 டிகிரிதான். எழுபத்துநாலு டிகிரி என்ற எண் எந்த மனிதனையும் துணுக்குறச் செய்ய வேண்டியது. ஆனால் தினந்தோறும் சொல்லும் பொய்க்கு வரம்பு ஏது? லேசான விமானத்துக்கு அத்தகைய எண்கள் வருவது வழக்கமாகையால், அதுவும் மௌனமாகக் கடந்து போயிற்று.

எஞ்சியது காண்டல். ஓடுபாதையில் விமானம் மந்தமாக வேகம் பிடிப்பதை உடல் உணராதா? குறைந்த விசையோடு புறப்படுவதே வழக்கமாகி, ஒவ்வொரு நாளும் வேகம் பிடிக்கும் விதம் ஒவ்வொன்றாக இருக்கும்போது, இன்றைய மந்தம் எதனோடு ஒப்பிட்டு மந்தமென்று தெரியும்? இருளில் பக்கத்து நிலக்குறிகளும் தெரியா. பாதையின் கடைசி விளக்குகள் சிவப்பாகக் கண்முன் வந்தபோதுதான் அந்த இரவின் முதல் காண்டல் நிகழ்ந்தது; தலைமை விமானி அக்கணமே முழு விசையைக் கோரினார். 275 பேரைக் காப்பாற்றியது அந்தக் கடைசிக் கணத்துத் தெளிவு என்பதையும், அதே மனிதர் பின்னர் பதவி விலக நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் படிக்கும்போது, தவறு என்ற சொல்லை ஒரு தனி மனிதன் மேல் சுமத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

6. உலோகத்தில் தங்கும் வடு

காயமில்லாமல் முடிந்ததை இவ்வளவு பெரிதாக ஆராய வேண்டுமா என்று கேட்போர் உண்டு. அவர்களுக்கு இரண்டு பழைய சம்பவங்கள் விடை கூறும். இரண்டும் புறப்பாட்டில் நேர்ந்தவையல்ல, இறங்கும்போது நேர்ந்த உரசல்கள். ஆயினும் உலோகத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. 1978 ஜூனில் ஒசாகாவில் இறங்கும்போது வால் அடிபட்ட ஜப்பான் ஏர்லைன்ஸ் 747 ஒன்றில், பிரயாணிகள் பகுதியின் காற்றழுத்தத்தைத் தாங்கும் பின்சுவரைப் பழுதுபார்த்தவர்கள், ஒரே தகடாக இணைக்க வேண்டிய இடத்தில் இரண்டாக வெட்டி வைத்ததால், இரண்டு வரிசை ரிவெட்டுகள் தாங்கவேண்டிய பாரத்தை ஒரு வரிசை தாங்க நேர்ந்தது. ஏழு ஆண்டுகள் அது தாங்கியது. 1985 ஆகஸ்ட் 12 அன்று அச்சுவர் கிழிந்து, 520 பேர் மாண்டனர், நால்வர் பிழைத்தனர். 1980-இல் ஹாங்காங்கில் வால் உரசிய சைனா ஏர்லைன்ஸ் 747-க்கு, கீறல்களைப் போக்காமல் அவற்றின் மேலேயே ஓர் ஒட்டுத்தகடு பொருத்தப்பட்டது; கண்ணுக்கு மறைந்த அக்கீறல்களிலிருந்து வெடிப்புகள் மெல்ல வளர்ந்து, 22 ஆண்டுகளுக்குப் பின், 2002 மே 25 அன்று தைவான் ஜலசந்திக்கு மேலே விமானம் சிதறி 225 உயிர்கள் போயின.

இதனால்தான் வால் உரசியதென்று ஐயம் எழுந்தாலே, மிக உயரத்துக்கு ஏறாமல் திரும்பிவிட வேண்டுமென்ற விதி வந்தது. 737-800 போன்றவற்றின் வாலடியில், அடிபட்டால் நசுங்கித் தான் நசுங்கியதைக் காட்டிக்கொடுக்கும் ஒரு தாங்கியைப் பொருத்துவதும் இதனால்தான். மெல்போர்ன் விமானம் பிரான்சிலுள்ள துலூஸ் தொழிற்சாலைக்கு, உள்ளே காற்றழுத்தம் ஏற்றாமல் தாழப் பறந்தே கொண்டுசெல்லப்பட்டது.

7. காவல் யந்திரம்

ஹாலிஃபாக்ஸ் விபத்தை விசாரித்த கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், விமானம் ஓடுபாதையில் போதிய அளவு வேகம் பிடிக்கிறதா என்று உரிய காலத்தில் விமானிக்குத் தெரிவிக்கும் கருவி வேண்டுமென்று 2006-இல் பரிந்துரைத்தது. அதாவது, உரையால் மட்டும் அறியப்பட்ட எடையை, விமானத்தின் நடையைக் கொண்டு காண்டலால் சோதிப்பது. யோசனை நெடுங்காலம் யோசனையாகவே கிடந்தது; பிற்காலத்தில் ஏர்பஸ் தன் புதிய ரகங்களில் இவ்வகைக் காவல்களைப் படிப்படியாகச் சேர்த்து வருகிறது. ஒரு வகை, புறப்படுமுன்னரே, பதிந்த வேகங்கள் பதிந்த எடைக்குப் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது. மற்றொரு வகை, ஓடத் தொடங்கிய பின், எதிர்பார்த்த முடுக்கம் வருகிறதா என்று பார்ப்பது.

இவ்விரண்டில் இரண்டாவதே மேலானதென்று தோன்றும். பலர் அவ்வாறே எழுதுகின்றனர். எனக்கு அதில் ஒரு தயக்கம். எதிர்பார்த்த முடுக்கம் என்பதும் ஓர் எடையிலிருந்தும் ஒரு விசையிலிருந்தும் கணக்கிடப்படுவதே. விமானக் கணினியிலேயே பிழையான எடை பதிந்திருந்தால், நடைக்கும் கணக்குக்கும் முரண்பாடு தோன்றும், கருவி கூவும். மெல்போர்னிலோ அக்கணினியில் எடை சரி. குறைந்த விசையும் சொன்னபடியே குறைந்தது. ஆகவே அந்தக் கனத்துக்கு அந்த விசை எவ்வளவு முடுக்கம் தர வேண்டுமோ அவ்வளவையே விமானம் தந்திருக்கும். காவல் யந்திரம் ஒரு குறையும் காணாமல் வாளாவிருந்திருக்கும். அந்த இரவில் பயன்பட்டிருக்கக் கூடியது முதல் வகைதான்: 362.9 டன்னுக்கு 145 நாட் போதாது என்று, சக்கரம் ஓர் அடி உருளுமுன், இரண்டு பெட்டிகளின் எண்களையும் பக்கத்தில் வைத்துச் சொல்லும் ஓர் எளிய ஒப்பீடு.